ஒரு கிலோ இருநூறு கிராம்

ஜெலுத்தோங்,
பினாங்கு, 4 ஆகஸ்ட் 2025

தம்பி லோகேஸ்வரனுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். தெரிந்தும் உறையைக் கிழித்தாயே, அதற்கே ஒரு நன்றி. போனில் உன் அக்காவை நீ பிளாக் செய்து பத்து மாதம் ஆகப்போகிறது. சிம்பாங் அம்பாட்டில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் உன் கடைப் பலகையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அதிலிருந்து முகவரியை எடுத்தேன். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாதே.

சண்டையைக் கிளற எழுதவில்லை. எனக்கு வேலை உயர்ந்திருக்கிறது லோகேஸ். இருபத்திரண்டு வருஷமாக பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தவளை எழுப்பி, மற்ற ஊர்களில் இருக்கும் எங்கள் கிளைகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடு என்கிறார்கள். கம்ப்யூட்டர் சில்லில் எது கீறல், எது வெறும் தூசி என்று கண்ணால் பிரிக்கும் வேலைதான். கூலிம், இந்தோனேசியாவில் பாத்தாம், அப்புறம் சென்னை. மாதத்தில் பாதி நாள் பயணம். நாற்பத்தாறு வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறேன். படத்தில் பிடிபட்ட திருடி மாதிரி விழிக்கிறேன். அதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது, உன்னிடம்தான் காட்டவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வலது தோளின் கதை உனக்குத் தெரியும். போன மாதம் சோதனையாகக் கூலிமுக்கு அனுப்பினார்கள். கம்பெனியின் பழைய லேப்டாப், சார்ஜரோடு மூன்று கிலோவுக்கு மேல். பஸ் மாறி மாறித் தூக்கிப்போய் வந்ததில் நாலு நாள் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. மேலாளர் கவனித்துவிட்டார். முடியாவிட்டால் அதிராவை அனுப்பிக்கொள்கிறோம், உங்களுக்கு எதற்குக் கஷ்டம் என்று கனிவாகத்தான் சொன்னார். எங்கள் பிரிவில் இருக்கும் அதிராவுக்கு இருபத்தேழு வயது, நல்ல பெண், அவளுக்கு இன்னும் எத்தனையோ வாய்ப்பு வரும். எனக்கு இது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். கம்பெனி தரும் நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளிப் பணத்துக்குள் எனக்குத் தோதான லேப்டாப்பை நானே பார்த்து, இருபத்திரண்டாம் தேதிக்குள் பெயரைக் கொடுக்க வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் எல்லாவற்றையும் "லைட்தான் அக்கா, ரொம்ப லைட் லா" என்கிறார்கள். தோள் என்னுடையது, அவர்களுக்கு என்ன.

இந்த விஷயத்தில் நான் நம்புகிற ஆள் ஒருத்தன்தான். அவன் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம், எழுதினால் போதும்.

சுபாஷினி


சிம்பாங் அம்பாட்,
9 ஆகஸ்ட் 2025

அக்கா,

கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதைத்தான் உன்னிடமும் கேட்கிறேன். என்னை ஒரு கடைக்காரனாக மட்டும் நினைத்துக்கொள்.

அதில் நீ என்ன செய்யப் போகிறாய்? படம் காட்டவா, வீடியோ ஓட்டவா, கடிதம் அடிக்கவா? போகிற இடத்தில் புரொஜெக்டர் இருக்குமா? எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லாமல் ஓட வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடுவாய்? கடைசியாக, உன் பையில் லேப்டாப் தவிர வேறு என்ன இருக்கிறது? இதற்கு மட்டும் உண்மையைச் சொல். உன் பையை எனக்குத் தெரியும்.

கடையில் ஒட்டியிருக்கும் எடையை நம்பாதே. சார்ஜரை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். முழுப் பையையும் ஒரு தராசில் வை. எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னதையும் எழுது. பிறகு பார்க்கலாம்.

சண்டையைக் கிளற வரவில்லை என்று எழுதியிருந்தாய். நான் கொஞ்சம் கிளறிவிட்டு விடுகிறேன். போன சரஸ்வதி பூஜையன்று எதற்காக லேப்டாப்பை எடுத்தேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. எட்டு மாதம் வேலையில்லாமல் உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு அன்று சிங்கப்பூர் கம்பெனி ஒன்றோடு வீடியோ நேர்காணல். மறுநாள் என்று சொல்லியிருந்ததைத் திடீரென்று அன்று மூன்று மணிக்கு மாற்றிவிட்டார்கள், சிங்கப்பூரில் அன்று வேலை நாள். என் லேப்டாப் சாமி மேடையில் எல்லாப் புத்தகங்களுக்கும் அடியில் இருந்தது. இழுத்தேன், புத்தகம் சரிந்தது, விளக்கு சாய்ந்தது. எண்ணெய் சாமி படத்தில் கொட்டியது என் தப்புதான். ஆனால் வந்திருந்த அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "பூஜையில கை வச்சவன் உருப்படவே மாட்டான்." அதைக் கேட்டுக்கொண்டே அறைக்குள் போய் நேர்காணலில் உட்கார்ந்தேன். உங்கள் முகம் தெரியவில்லையே என்றார்கள். ஐந்து நிமிடம் தட்டுத் தடுமாறிய பிறகுதான் பார்த்தேன், நீ மூடிக்கு உள்பக்கம், கேமராவின் மேல் சரியாகச் சந்தனம் வைத்திருந்தாய். வேலை கிடைக்கவில்லை.

உன் நம்பரைத் திறக்கப்போவதில்லை. போனில் நீ மூன்றாவது நிமிடத்தில் கத்த ஆரம்பிப்பாய். காகிதத்தில் கடைசி வரி வரை ஒழுங்காகப் போகிறாய்.

லோகேஸ்


ஜெலுத்தோங்,
13 ஆகஸ்ட் 2025

லோகேஸ்,

தராசு என்றாயே, வீட்டில் ஏது தராசு? பையைத் தூக்கிக்கொண்டு பாசாருக்குப் போனேன். காய்கறி விற்கும் காக் காமாரியாவை நினைவிருக்கிறதா, உனக்குக் கங்கோங் கீரை கொசுறு கொடுப்பாரே, அவர் கடைத் தராசில் வெண்டைக்காயைத் தள்ளிவிட்டு என் பையை ஏற்றினோம். ஏழு கிலோவும் முப்பது கிராமும். பின்னால் வரிசையில் நின்றவர் ஒருவர், இது கிலோ என்ன விலை என்று மலாயில் கேட்டார். காக் காமாரியா சிரித்த சிரிப்பில் மீன் கடைப் பக்கத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளினிக்கில் சொன்னது நாலு கிலோ. நான் இத்தனை நாள் ஏழைத் தூக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திட்டியிருக்கிறேன்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தோம். லேப்டாப் இரண்டரை கிலோ, சார்ஜர் மட்டும் அறுநூற்றுச் சொச்சம், அது சார்ஜரா செங்கல்லா தெரியவில்லை. தண்ணீர் நிறைந்த ஃபிளாஸ்க் ஒரு கிலோ. கோப்பு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு போத்தல் சம்பால். சிரிக்காதே, கூலிம் கேண்டீனில் எதிலுமே காரம் இல்லை.

உன் கேள்விகளுக்குப் பதில். நானூறு கீறல் படங்கள், மூன்று வீடியோ, மாலையில் யார் தேறினார்கள் என்று ஒரு அறிக்கை. புரொஜெக்டர் எல்லா இடத்திலும் உண்டு. திறந்து மூடுவதற்குக் கணக்கே இல்லை, ஒவ்வொரு மேசையாகப் போய்க் காட்ட வேண்டும். எப்போதும் இடது கையால்தான் திறப்பேன்.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளி நிறத்தில் ஒன்று, ஒரு கிலோ கூட இல்லை, தொள்ளாயிரத்து எண்பது கிராம். கையில் எடுத்ததும் கீழே வைக்க மனமே வரவில்லை. சின்ன வயதில் புதுச் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன், அந்தச் சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது. இன்னொன்று கறுப்பு. ஒரு கிலோ இருநூறு. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. நான் வெள்ளியைத்தான் எடுக்கப்போகிறேன் என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

நேர்காணல் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சந்தனத்தை வேண்டுமென்றா அங்கே வைத்தேன்? கேமரா எங்கே இருக்கிறது என்றே எனக்கு அன்று தெரியாது. அதற்காக வருந்துகிறேன். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்தது தப்பு என்று அன்று சொன்னேன், இன்றும் சொல்வேன். நடிக்க எனக்கு வராது.

சுபாஷினி


சிம்பாங் அம்பாட்,
17 ஆகஸ்ட் 2025

அக்கா,

வெள்ளி வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன், படித்துவிட்டுக் கோபப்படு. அது மிகவும் லேசாக இருப்பதுதான் முதல் கோளாறு. ஒற்றைக் கையால் மூடியைத் திறந்தால் அடிப்பாகமும் சேர்ந்து எழும்பும். இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது உன் வலது கை. ஒரு நாளைக்கு நாற்பது முறை. இருநூறு கிராமை மிச்சம் பிடிக்கப் போய்த் தோளை விட்டுவிடுவாய். இரண்டாவது, அதில் புரொஜெக்டர் கேபிள் செருக இடம் கிடையாது, தனியாக ஒரு குட்டிப் பெட்டி வாங்கித் தொங்கவிட வேண்டும். அதை நீ முதல் வாரமே எங்காவது மறந்துவைப்பாய். மெமரி எட்டுதான், பின்னால் கூட்டவும் முடியாது. உன் நானூறு படத்தைத் திறந்தால் மூச்சு வாங்கும். திரை கண்ணாடி மாதிரி பளபளக்கும், தொழிற்சாலை விளக்கில் கீறலுக்குப் பதிலாக உன் முகம்தான் தெரியும்.

நம்பாவிட்டால் கடைக்குப் போய் இரண்டையும் மேசையில் வை. இடது கையின் ஒரே விரலால் திற. எது அடங்கி உட்கார்ந்திருக்கிறதோ அதை எடு. கறுப்பில் பதினாறு மெமரி இருப்பதைத்தான் கேட்க வேண்டும், எட்டு இருப்பதைத் தள்ளப் பார்ப்பார்கள்.

மீதி எடை உன் பையில் இருக்கிறது. கோப்பை ஸ்கேன் செய்து உள்ளே போடு. ஃபிளாஸ்க்கைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பு. சம்பாலைத் துணிப்பெட்டியில் வை, அதற்குச் சக்கரம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வரச் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும்.

தப்பு என்று சொன்னதற்காக எனக்குக் கோபம் இல்லை அக்கா. உருப்படமாட்டான் என்றாயே, அந்த ஒரு சொல்தான். கடையில் ஒரு வேலை கெட்டுப்போனால் கூட அது காதில் கேட்கிறது. அதை நீ இன்னும் திரும்ப வாங்கவில்லை.

லோகேஸ்


ஜெலுத்தோங்,
14 செப்டம்பர் 2025

லோகேஸ்,

பாத்தாம் போய்விட்டு வந்துவிட்டேன். தோள் வலிக்கவில்லை. இதை முதலில் எழுத வேண்டும் என்று படகிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கடையில் நீ சொன்னபடி ஒரு விரல் வைத்துப் பார்த்தேன். வெள்ளி அப்படியே மல்லாக்கப் போனது, விற்கிறவர் பாய்ந்து பிடித்தார். கறுப்பு அசையாமல் உட்கார்ந்து வாயை மட்டும் திறந்தது. எட்டைத்தான் முதலில் நீட்டினார்கள், பதினாறு என்றதும் முகம் மாறியது. வாங்கிய மறுநாள் காக் காமாரியாவின் தராசுக்கே கொண்டுபோனேன். பை முழுவதும் சேர்த்து மூன்று கிலோ நூறு. அவர் அதைப் பார்த்துவிட்டு, உன் தம்பி கெட்டிக்காரன், ஏன் ஆளையே காணோம் என்றார். வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்தேன்.

பாத்தாமில் இருபது பேர். முதல் நாள் காலை சொல்லிவைத்திருந்த முதல் வரியே எனக்கு மறந்துபோனது. மூடியை ஒரு விரலால் தட்டித் திறந்தேன் பார், எல்லோரும் அதையே பார்த்தார்கள், எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. ஏழு மணி நேரம் சார்ஜர் இல்லாமல் ஓடியது. மேலாளர் இப்போது அதிராவின் பெயரை எடுப்பதே இல்லை. அதிராவே வந்து, எனக்கும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லுங்கள் அக்கா என்கிறாள்.

இன்னொன்று. காவல்காரரிடம் நீ விட்டுப்போன பொட்டலம் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சார்ஜர், நூற்றுப் பத்து கிராம் என்று மேலே உன் கையால் எழுதியிருந்தாய். போனுக்கும் அதுவே போதும் என்றும் எழுதியிருந்தாய். நான் பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ காடியை ஓட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டித் திரும்புவதைப் பார்த்தேன். பதினோராவது மாடி ஒன்றும் தூரமில்லை, லிஃப்ட் இப்போது வேலை செய்கிறது. எனக்கு மிகவும் வலித்தது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வீட்டுச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. நீ திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இருபத்தேழாம் தேதி சென்னை. நான்காம் தேதி சனிக்கிழமை மாலை திரும்புவேன். நடுவில் முதல் தேதி சரஸ்வதி பூஜை வருகிறது. இந்த வீட்டில் விளக்கு ஏற்றாத முதல் பூஜை. போகட்டும், என்ன செய்வது.

சுபாஷினி


சிம்பாங் அம்பாட்,
20 செப்டம்பர் 2025

அக்கா,

லிஃப்ட் வரைக்கும் வந்தேன். பட்டனையும் அழுத்தினேன். கதவு திறந்தபோது என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

சென்னையில் பிளக்குக்கு உருண்டைக் கால். அதற்கு ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், நாற்பது கிராம். படங்களை ஒரு சின்ன யூஎஸ்பி குச்சியில் நகல் எடுத்து, லேப்டாப் பையில் இல்லாமல் உன் கைப்பையில் வை. அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி. விமானத்தில் ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கு, முதல் முறை பறக்கிறவள் நடுவில் உட்காராதே.

மூன்று கிலோ நூறு என்றதைப் படித்துவிட்டுக் கடையில் எழுந்து நின்றுவிட்டேன். எதிரே இருந்த வாடிக்கையாளர் என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

பூஜையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

லோகேஸ்


சென்னை,
1 அக்டோபர் 2025

என் தம்பிக்கு,

இதை ஹோட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். லேப்டாப் பூஜையில் இருக்கிறது. பொறு, முழுவதையும் சொல்கிறேன்.

ஜன்னல் பக்கம் கிடைத்தது. கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதெல்லாம் நேரில் சொல்கிறேன், இப்போது வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இங்கே இன்று விடுமுறை. ஆனாலும் தொழிற்சாலையில் பூஜை என்பதால் எல்லோரும் பட்டுப்புடவையில் வந்துவிட்டார்கள். இயந்திரத்துக்கெல்லாம் மாலை, மைக்ராஸ்கோப்புக்குக் கூடப் பொட்டு. எனக்கு ஒரே குதூகலம். என் லேப்டாப்பையும் கொண்டுபோய் நானே சாமிக்கு முன்னால் வைத்தேன். பொட்டை மூடியின் மேல் வைத்தேன், கேமரா எங்கே என்று இப்போது தெரியும். அதற்கு மேல் பயிற்சிப் புத்தகம், பதிவேடு என்று எல்லோரும் அடுக்கிவிட்டார்கள். என்னிடம் படித்த பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து கோலம் போட்டார்கள்.

ஒரு மணிக்கு பினாங்கிலிருந்து போன். பன்னிரண்டு பேரின் அறிக்கை எங்கே என்றார்கள். விடுமுறையாயிற்றே, நாளை அனுப்புகிறேன் என்றேன். இங்கே விடுமுறை இல்லையே சுபா, ஐந்து மணிக்குள் வராவிட்டால் இந்தப் பன்னிரண்டு பேரையும் இந்த மாதம் சேர்க்க முடியாது, அடுத்த தொகுதிக்குத் தள்ள வேண்டும் என்றார்கள். பினாங்கில் வேலை நாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன் லோகேஸ். அங்கே அப்போது மூன்றரை. அந்தப் பெண்கள் ஊருக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அறிக்கை முழுவதும் அந்த லேப்டாப்பில் இருக்கிறது. நீ சொன்ன குச்சியில் படங்கள் மட்டும்தான்.

கற்பூரம் இன்னும் காட்டவில்லை. நான் சாமி முன்னால் போய் நின்றேன். நாற்பத்தாறு வருஷத்தில் பூஜையில் வைத்த ஒரு பென்சிலைக் கூட நான் தொட்டதில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் சுஹானா என்று ஒரு பெண். அவள் வீட்டில் இந்தப் பூஜை கிடையாது, ஆனாலும் காலையிலிருந்து பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். விளக்கைத் தள்ளி வைத்தாள். பிறகு முழங்கால் போட்டு, அந்தப் புத்தக அடுக்கை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள்.

"நான் புடிச்சுக்கறேன் மேடம். நீங்க மெதுவா எடுங்க."

ஒரு புத்தகம் அசையவில்லை. எடுத்தேன், அனுப்பினேன், துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். அதன் பிறகு கற்பூரம் காட்டினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூசாரி கூட, வேலைக்குத்தானேம்மா எடுத்தீங்க என்று தட்டை நீட்டிவிட்டுப் போனார்.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு நான் உனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன் லோகேஸ். என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. அந்தப் புத்தகங்களை நான் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். வாயைத் திறந்ததற்குப் பதிலாகக் கையை நீட்டியிருந்தால் போதும்.

அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அத்தனை பேர் முன்னால் சொன்னதை இப்படி ஒரு ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து வாங்கினால் போதாது. வந்ததும் அதே ஆட்களைக் கூப்பிட்டு, அதே இடத்தில் நின்று வாங்குகிறேன். நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை வைத்துத்தான் உன் அக்கா ஊர் ஊராகப் போகிறாள். நீ உருப்பட்டு ரொம்ப நாளாகிறது, நான்தான் கவனிக்கவில்லை.

இது தபாலில் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். பரவாயில்லை, இன்றே போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அக்கா


ஜெலுத்தோங், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை,
2 அக்டோபர் 2025

அக்கா,

நேற்றுக் காலை சாவியைப் போட்டுத் திறந்தேன். பூட்டை நீ மாற்றவில்லை.

விளக்கு ஏற்றினேன். எண்ணெய் பட்ட சரஸ்வதி படத்தையே துடைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறாய், புதிது வாங்கியிருப்பாய் என்று நினைத்தேன். சுண்டலுக்கு உப்பு போட மறந்துவிட்டேன், அவளுக்கும் அப்படியேதான் படைத்தேன். கடையில் நான் வேலைக்கு வைத்திருக்கும் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தேன். அதை வைத்து, அதன் மேல் புத்தகங்களை அடுக்கினேன். போனையும் அங்கேயே வைத்துவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் பதினோரு முறை கூப்பிட்டார். மேடையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் தொடவில்லை. என் பழைய அறையில் படுத்துக்கொண்டு, இன்று காலை கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுத்தேன். உன் வீட்டில் உன் வழக்கப்படி ஒரு நாள் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. வேறு ஒன்றும் இல்லை.

நீ இதைப் படிக்கும்போது, சனிக்கிழமை ஏர்போர்ட்டிலிருந்து உன்னை நான்தான் அழைத்து வந்திருப்பேன். பையை நான் தூக்கியிருப்பேன், எத்தனை கிலோ என்று கையிலேயே தெரிந்திருக்கும், சம்பால் போத்தலை ஒளித்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். காடியில் இதைப் பற்றி எதுவும் பேசியிருக்கமாட்டேன். நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் நம்பரை நேற்றே திறந்துவிட்டேன், போனைப் பூஜையில் வைப்பதற்கு முன்னால். சாவியை மட்டும் தரமாட்டேன்.

லோகேஸ்